இன்னும் கொஞ்சம் வேகமாப் போகட்டுமா?

மில் அக்கா கார் வாங்கிக்கொண்டு வந்த அன்று எங்கள் தெருவில் யாரும் வேலை பார்க்கவில்லை.

தெரு என்றால் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சின்னத் தெரு. ஒரு பக்கம் எங்கள் மில், அக்காதான் முதலாளி. மிளகாய், மல்லி, மஞ்சள் அரைப்போம். எதிர்ப்பக்கம் நாகூர் பாயின் மளிகைக் கடை. நடுவில் மூன்று சக்கரத் திரிஷா வண்டி, மாடு, நாய், தும்மல். எங்கள் தெருவுக்குள் வந்து தும்மாமல் போனவர் கிடையாது.

அந்தத் தெருவுக்குள் ஒரு மத்தியானம் அந்தக் கார் நுழைந்தது. அடர்ந்த பச்சை. நீள மூக்கு. உள்ளே சிவப்புத் தோல் சீட்டு, மரத்தில் இழைத்த முன்பலகை. எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டாம். பந்தயத்தில் ஓடுகிற ஜாதி என்று சொன்னால் போதும். சத்தம் கார்ச் சத்தம் மாதிரியே இல்லை. வயிறு நிறையத் தின்ற பெரிய மிருகம் தூக்கத்தில் உறுமுகிற மாதிரி இருந்தது.

கதவு திறந்தது. வெறுங்காலோடு அக்கா இறங்கினார். செருப்பைக் கையில் வைத்திருந்தார்.

"என்னடா எல்லாரும் நிக்கிறீங்க? தொட்டுப் பாருங்க. கடிக்காது" என்றார்.

நான் மில்லின் லாரி டிரைவர். அக்கா என் லாரியில்தான் ஓட்டப் பழகியிருந்தார். லாரியை அடக்கியவருக்குக் கார் விளையாட்டு. ஆனால் அவர் கார் வாங்குவார் என்று நான் நினைக்கவில்லை. அதுவும் இந்த மாதிரிக் கார்.

அது பழைய கார். தங்ளின் பக்கம் ஒரு வெள்ளைக்கார துரை வைத்திருந்தது. அவர் வீட்டுச் சமையல்காரருக்கு நாங்கள் கறி மசாலா கொடுத்துக்கொண்டிருந்தோம். துரை ஊரைவிட்டுப் போகிறார், காரைத் தள்ளிவிடுகிறார் என்று சமையல்காரர் சொல்லியிருக்கிறார். அக்கா நேரே துரையிடம் போனார். ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. ஸ்டார்ட் மட்டும் பண்ணச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாங்கிவிட்டார். என்ன விலை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அக்காவுக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாது. அவரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

எங்கள் ஆட்கள் அப்படி இல்லை. நகை வாங்கினால் இரவல் என்பார்கள். பிள்ளை பாஸானால் ஏதோ தட்டுத்தடுமாறி என்பார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம். அக்கா கோயிலில் பூசை போட்டார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அது சரி. ஆனால் அவருடைய கொழுந்தனார், நாங்கள் சின்னவர் என்று சொல்லும் ஆள், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரத்தோடு வந்தபோது அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"அண்ணி, திருஷ்டிக்கு. முன்னாடி கட்டிடுவோம்."

"மிளகாய் விக்கிறவ நான். அதைக் கார்ல தொங்கவிடவா? எடைக்குப் போடுங்க தம்பி."

"ஊர்க்கண்ணு பொல்லாதது அண்ணி."

"பார்க்கட்டுமே. பார்க்கிறதுக்குத்தானே இவ்வளவு அழகாப் பண்ணியிருக்கான்? சாமிக்குக் காட்டியாச்சு. மனுசனுக்கு மட்டும் எதுக்கு மறைக்கணும்?"

சின்னவர் சரத்தை என் லாரியில் கட்டிவிட்டுப் போனார்.

அக்காவின் கணவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவர் கடைசி வரைக்கும் சைக்கிளில்தான் போனார். அவருடைய ஆசையைத்தான் அக்கா நிறைவேற்றுகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். பாயின் சம்சாரம் அதை அக்காவிடமே சொல்லிக் கண் கலங்கியது. அக்கா சிரித்துவிட்டார்.

"அவருக்குக் கார்னாலே வாந்தி வரும் தங்கச்சி. இது என் ஆசை. எனக்கு ஆசையா இருந்துச்சு, வாங்கினேன்."

"மில்லுக்கு உபயோகமா இருக்கும்தான்" என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார்.

"இதுல ஒரு மூட்டை மல்லிகூட ஏறாது. உபயோகத்துக்கு லாரி இருக்கு. இது சந்தோஷத்துக்கு."

அவர் வாயிலிருந்து இதைத் தவிர வேறு காரணம் வந்ததே இல்லை.

சாயங்காலம் மில் நின்றதும் முகம் கழுவுவார். சேலையை உதறி மிளகாய்ப் பொடியைத் தட்டுவார். எவ்வளவு தட்டினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் அந்தக் காருக்குள் தோல் வாசனையும் மல்லி வாசனையும் சேர்ந்து அடிக்கும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வார். செருப்பைக் கழற்றிவிடுவார். வெறுங்கால் பெடலில் இருந்தால்தான் காரின் மனசு தெரியுமாம். தெருவில் நிற்கிறவர்களைப் பார்ப்பார்.

"யாரு வர்றீங்க?"

பூக்கட்டுகிறவர் போயிருக்கிறார். பால்காரர் போயிருக்கிறார். மில்லில் புடைக்கிற பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நாகூர் பாயும் ஒரு நாள் போனார். மெர்டேக்கா பாலத்தைத் தாண்டிக் காத்தோங் கடலோரம் ஒரு சுற்று. திரும்பி வந்து கடை வாசலில் உட்கார்ந்தார்.

"என்ன பாய், எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கண்ணைத் திறக்கலப்பா. ஆனா மவுத்துக்கு முன்னால ஒருக்கா பறந்துட்டேன். இனி கவலையில்ல."

ஏறினவரை அக்கா ஒரு கேள்வி கேட்பார். நேர் ரோடு வரும்போது கேட்பார். அதற்கு முன் கேட்க மாட்டார்.

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போகட்டுமா?"

வேண்டாம் என்றால் போக மாட்டார். சரி என்றால் காலை அழுத்துவார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். நானும் அனுபவித்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாங்கி ரோட்டில் காரை நிறுத்தி, "நீ ஓட்டு" என்று இறங்கிவிட்டார். லாரியில் நான் ரோட்டோடு மல்லுக்கட்டுவேன். இதில் ரோடு தானாகச் சுருண்டு எனக்குப் பின்னால் போயிற்று. வீட்டில் வந்து சொன்னேன். வீட்டுக்காரிக்குப் புரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பழைய கார் என்பதில் அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. பெருமைதான். பின் சீட்டில் சுருட்டு சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது. கைப்பிடியில் நாய் கடித்த பல் தடம். முன்பலகைப் பெட்டிக்குள் ஒற்றைக் கையுறை, யாரோ ஒரு துரைசானியுடையது. ஜாலான் புசார் பட்டறைக்காரர் ஆ சோங் எல்லாவற்றையும் சரிசெய்து தருகிறேன் என்றார். அக்கா விடவில்லை.

"இருக்கட்டும். இதுல நல்லா வாழ்ந்திருக்காங்க, தெரியுதுல்ல? புதுக் கார் வாங்கினா முதல் கீறலுக்கு நாமதான் அழணும். இதுல முதல் கீறலுக்குத் துரை அழுதுட்டுப் போயிட்டான். எனக்குச் சிரிப்பு மட்டும்தான் பாக்கி."

ஆ சோங் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மலாயில் சொன்னார்: "அக்கா, இது கார் இல்லைலா. ஹரிமாவ்." ஹரிமாவ் என்றால் புலி. பெட்ரோலை அப்படித்தான் குடித்தது. சில நாள் படுத்தும் விடும். ஒருமுறை புக்கிட் தீமா மேட்டில் தண்ணீர் கொதித்து நின்றுவிட்டது. நான் லாரியோடு போனேன். அக்கா மைல்கல்லில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்திலிருந்து கச்சாங் புத்தே, அதாவது வறுகடலை, தின்றுகொண்டிருந்தார். முகத்தில் கவலையே இல்லை.

"நின்னுட்டுதா அக்கா?"

"நின்னாலும் எப்படி நிக்குது பாரு. போறவன் எல்லாம் திரும்பிப் பார்க்கிறான்."

பெட்ரோல் நிலையத்தில் புதிதாக வந்த ஒரு மலாய்க்காரப் பையன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "துவான் மானா?" என்று கேட்டான். முதலாளி எங்கே என்று அர்த்தம். வேறு யாராவது என்றால் முகம் சுண்டியிருக்கும். அக்கா நெஞ்சில் கையை வைத்து, "சாயா துவான்" என்றார். நான்தான் முதலாளி. அவன் சிரித்தான். அக்காவும் சிரித்தார். அவனையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு வாரம் சிரிக்காமல் இருந்தார். அதைத்தான் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு ஒரே மகள், மல்லிகா. பள்ளிக்கூடத்தில் டீச்சர். மலாயாப் பக்கம் சிரம்பானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனும் வாத்தியார். ஒரு கல்யாணத்தில் இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். மல்லிகாவுக்குப் பிடித்துப்போனது. ஆனால் பையனின் அப்பா எஸ்டேட்டில் பெரிய கிராணி. ஆபீஸ் முழுவதையும் கட்டி ஆள்கிற உத்தியோகம். ரொம்பக் கண்டிப்பு என்று கேள்வி. அம்மா வாயே திறக்காது, ஆனால் அந்த அம்மா தலையாட்டாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது என்றும் சொன்னார்கள். சனிக்கிழமை காலை ரயிலில் பெண் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிடலாம். ஒன்பதுக்கு ராகு காலம். அதற்குள் முடிய வேண்டும்.

சின்னவர் மில்லுக்கு வந்தார். நான் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, அந்தக் காரை ரெண்டு நாளைக்கு ஆ சோங் பட்டறையில விட்டுடுங்க."

"ஏன்? ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"புரியாத மாதிரி பேசாதீங்க. அவங்க பழைய ஆளுங்க. புருசன் இல்லாத பொம்பளை முந்தானையைச் செருகிக்கிட்டு ரேஸ் கார் ஓட்டுறான்னு தெரிஞ்சா வந்த ரயில்லயே திரும்பிடுவாங்க. தாய் இப்படின்னா மக எப்படின்னு கேப்பாங்க."

அக்கா சல்லடையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஸ்டேஷனுக்கு நானும் என் சம்சாரமும் டாக்சியில போறோம். நீங்க முன்னால வராதீங்க. நல்ல காரியம். தப்பா எடுத்துக்காதீங்க."

புருஷனை இழந்தவர் நல்ல காரியத்தில் முதலில் எதிரே வரக்கூடாது. அது வழக்கம். சின்னவர் கெட்டவர் இல்லை. அண்ணன் மகள் வாழ வேண்டும் என்ற கவலைதான்.

அக்கா சல்லடையைக் கீழே வைத்தார். "இப்ப மறைச்சுட்டா ஆயுசுக்கும் மறைக்கணும் தம்பி. எனக்கு அது வராது."

"அவங்க காரைப் பார்த்துட்டு வேணாம்னு போயிட்டாங்கன்னா?"

மில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலும் அக்கா சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"இந்தக் காரால என் மகளுக்கு இந்த இடம் போச்சுன்னா, மறுநாளே காரை வித்துடறேன். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்."

சொன்னால் செய்வார். எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுவதும் சாயங்காலம் கார் வெளியே வரவில்லை. யாரு வர்றீங்க என்ற குரல் இல்லை. அக்கா வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு காரைத் துடைப்பார். துடைத்த இடத்தையே துடைப்பார். மகளையும் காரையும் ஒரே நாளில் பந்தயத்தில் வைத்துவிட்ட பயம். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாதவருக்குப் பயத்தையும் மறைக்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மல்லிகா கீழே இறங்கி வந்தது. நான் அங்கே இருந்தேன்.

"என்னம்மா, அழுக்கே இல்லாததைத் துடைக்கிறீங்க?"

"உனக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடிச்சிருக்கா?"

"ரொம்ப."

"அப்ப காரைப் பட்டறையில விட்டுடவா? நீ சொல்லு. உன் வாழ்க்கை."

மல்லிகா தாயின் கையிலிருந்து துணியை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டது. "நாளைக்கு ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன். முன் சீட்டுல உட்கார்ந்து வர்றேன். உங்களையும் என்னையும் காரையும் ஒண்ணாப் பார்த்துக்கட்டும். பிடிக்கலைன்னா அதையும் அங்கேயே தெரிஞ்சுக்கறேன்."

"பொண்ணு பார்க்க வர்றவங்களைப் பொண்ணே போய்க் கூட்டிட்டு வர்றதா? உலகத்துல எவளாவது செஞ்சிருக்காளா?"

"உலகத்துல எவ அம்மா இந்த மாதிரிக் கார் வச்சிருக்கா?"

அந்த வாரத்தில் அக்கா அப்போதுதான் சிரித்தார். கொஞ்சமாக.

காலையில் சின்னவர் எழுந்து குளிப்பதற்குள் கார் போய்விட்டது. பெட்டிகளை ஏற்றிவர நான் லாரியோடு பின்னால் போனேன்.

தஞ்சோங் பாகார் ஸ்டேஷன். ரயில் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். கிராணி கோட்டுப் போட்டிருந்தார், கையில் குடை. பையன் ஒல்லி. அந்த அம்மா குள்ளம். தலையைப் படிய வாரி இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். ஒரு மயிர் வெளியே இல்லை.

கிராணி அக்காவைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மல்லிகாவைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உங்க வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையா?"

"வந்திருக்காரே" என்று அக்கா என்னைக் காட்டினார். "பெட்டியை அவர்கிட்ட குடுங்க, லாரியில வரும். மனுசங்க என்னோட வாங்க."

வெளியே கார் நின்றது. ஒரு வாரம் துடைத்த கார். வெயில் அதன் மேல் வழுக்கியது. கிராணி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"டிரைவர் எங்கம்மா?"

"நான்தான்."

பையன் மல்லிகாவைப் பார்த்தான். மல்லிகா அம்மாவைப் பார்த்தது. கிராணி தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை. காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். மூக்கின் மேல் ஒரு விரலை வைத்தார். இன்னும் சூடாக இருந்திருக்கும். விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவருக்கு ஒரு பக்கம் பையன், மறுபக்கம் மல்லிகா. கிராணி முன்னால், குடையை மடியில் வைத்துக்கொண்டு.

அக்கா செருப்பைக் கழற்றியதைப் பார்த்தேன். அவ்வளவுதான். கார் போய்விட்டது.

நான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் சின்னவர் பட்டு வேட்டியோடு நின்றார். கார் இல்லை.

"எங்கடா அவங்க?"

"எனக்கு முன்னாலேயே கிளம்பிட்டாங்களே."

"அப்ப எங்க?"

எனக்குத் தெரியவில்லை. உள்ளே பலகாரம் ஆறிக்கொண்டிருந்தது. பாய் கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். மில் பெண்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சின்னவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்பது அடித்தது.

"போச்சு" என்றார். இடிந்துபோய் என் லாரிப் படியிலேயே உட்கார்ந்தார். "ராகு காலம் வந்துருச்சு. சண்டை போட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்கே திரும்பியிருப்பாங்க. என் அண்ணன் மக வாழ்க்கை போச்சுடா. ஒரு தகர டப்பாவால."

அவர் கண் கலங்கிவிட்டது. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

அப்போது அந்த உறுமல் கேட்டது.

கார் தெருமுனையில் திரும்பி வந்து வாசலில் நின்றது. முதலில் கிராணி இறங்கினார். கையில் குடை இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். "ஒரு காப்பி குடுங்க முதல்ல" என்றார்.

சின்னவர் ஓடினார். "மன்னிக்கணும். எங்க அண்ணி கொஞ்சம் இப்படித்தான். நேரம் வேற தவறிப்போச்சு. நாளைக்கு வேற நல்ல நேரம் பார்த்து..."

"எந்த நேரம் தவறிப்போச்சு?"

குரல் பின் சீட்டிலிருந்து வந்தது. அந்த அம்மா இன்னும் இறங்கவில்லை. கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. நெற்றி முழுக்க மயிர். கன்னம் சிவந்திருந்தது. அவ்வளவு பெரிய சிரிப்பை அந்தச் சின்ன முகம் எங்கே வைத்திருந்ததோ.

"காத்தோங் பிள்ளையார் கோயில் வாசல்லயே வெத்தலை மாத்தியாச்சு. ராகு காலத்துக்கு ரொம்ப முன்னாலயே. இதோ, இந்தக் கார் மூக்கு மேலதான் தட்டு வச்சோம். சம்மந்தியம்மா கையாலதான் நான் வாங்கினேன்."

சம்மந்தியம்மா கையால் என்பதை அந்த அம்மா கொஞ்சம் அழுத்திச் சொன்னார். சின்னவர் அக்காவைப் பார்த்தார். அக்கா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அப்படின்னா... கார்... உங்களுக்கு..." சின்னவர் இழுத்தார்.

"கிராணி பொண்டாட்டின்னு பேருதான் தம்பி. இத்தனை வருசமா எஸ்டேட் பஸ்ஸுல பின் சீட்டு. அதுல ஏறினா எங்க நிறுத்துவான், எப்ப நிறுத்துவான்னு எவனும் நம்மளைக் கேக்க மாட்டான். இன்னைக்கு அந்தக் கடலோர ரோட்டுல இவங்க திரும்பிப் பார்த்துக் கேட்டாங்க, இன்னும் கொஞ்சம் வேகமாப் போகட்டுமான்னு. என்னைப் பார்த்துக் கேட்டாங்க. இவரை இல்ல."

"நீ என்ன சொன்னேன்னும் சொல்லு" என்றார் கிராணி, காப்பியை ஊதிக்கொண்டே.

"போங்கன்னேன். அப்புறம் இன்னும் போங்கன்னேன்."

"என் குடை கடல்ல போச்சு" என்றார் கிராணி.

மல்லிகாவும் பையனும் காரின் அந்தப் பக்கம் நின்று என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்த்தல் எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. தெரு முழுக்கச் சிரிப்பு. யாரோ தும்மினார்கள். பாய், "மாப்பிள்ளை வீட்டுக்கு மிளகாய் ஒத்துக்கிச்சு" என்றார். அன்றைக்கு எல்லோருக்கும் அக்கா வீட்டில் சாப்பாடு.

மறுநாள் காலை ரயிலில் அவர்கள் திரும்ப வேண்டும். பலகாரக் கூடை, மசாலா டின்கள், பெட்டிகள் என்று சாமான் நிறையச் சேர்ந்துவிட்டது. ஸ்டேஷனில் ஏற்றி முடித்ததும் அந்த அம்மா பிளாட்பாரத்திலேயே நின்றார்.

"நீங்களும் தம்பியும் ரயில்ல போங்க. நான் சம்மந்தியம்மாகூட ஜோகூர் வரைக்கும் கார்ல வர்றேன். அங்க ஏறிக்கறேன்."

"ரயிலைப் பிடிக்க முடியலைன்னா?" என்றார் கிராணி.

"பிடிக்கிறது என்ன அண்ணே, முந்துறேன்" என்றார் அக்கா. என்னைப் பார்த்தார். "நீ சாமானோட ரயில்ல போ. ஜோகூர்ல இறக்கி வேற பெட்டிக்கு மாத்தணும்னா ஆள் வேணும். திரும்ப என்னோட வந்துடலாம்."

அப்போது சிங்கப்பூர் தனி நாடு ஆகவில்லை. சிங்கப்பூரையும் ஜோகூரையும் சேர்க்கிற பாலத்தில் பாஸ்போர்ட் கிடையாது. சாமான் இருந்தால் கொஞ்சம் பார்ப்பார்கள். சாமான் எல்லாம் என்னோடு ரயிலில் இருந்தது. அக்கா யோசிக்காமல் எதையும் செய்கிறவர் இல்லை.

விசில் ஊதினார்கள். இரண்டு பேரும் காருக்குப் போகாமல் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"கிளம்புங்கக்கா!" என்று கத்தினேன்.

"ரயில் நகரட்டும். இல்லாட்டி அது போட்டியே இல்ல."

ரயில் நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் இரண்டு சேலைகளும் வாசலை நோக்கி ஓடின.

கிராணி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பேப்பரை விரித்தார். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிகள் போயின. பேப்பரைப் புரட்டவில்லை. புக்கிட் தீமா வந்தது. எட்டிப் பார்த்தார். ரோட்டில் பஸ்ஸும் சைக்கிளும்தான். பேப்பரை மடித்துவிட்டார்.

"இந்த இடத்துல ரோடு பக்கத்துல வருதாப்பா?"

"இன்னும் கொஞ்சத்துல வரும் சார்."

புக்கிட் பாஞ்சாங் பக்கம் ரோடு தண்டவாளத்தை ஒட்டி வந்தது. பையன்தான் முதலில் பார்த்தான்.

"அதோ! பச்சை! அப்பா, அதோ!"

பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆனால் முன்னால் ஒரு பன்றி லாரி. மூங்கில் கூடைகளில் பன்றிகளை அடுக்கிக்கொண்டு நடு ரோட்டில் ஆடி ஆடிப் போயிற்று. எதிரே வரிசையாக வண்டிகள். அக்காவால் தாண்ட முடியவில்லை. ஹாரன் சத்தம் எங்களுக்கே கேட்டது. ரயில் முன்னே போய்க்கொண்டிருந்தது.

"பன்னி லாரிக்காரா, ஒதுங்குடா!" கிராணி ஜன்னல் சட்டத்தில் அறைந்தார். தன் ரயில் முந்துகிறதே என்று அவருக்கு ஆத்திரம். மரங்கள் வந்தன. ரோடு மறைந்தது. காரும் மறைந்தது.

"முடிஞ்சுது" என்று உட்கார்ந்தார். முகம் விழுந்துவிட்டது. ஒரு கார் தோற்றதற்காக நான் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

உட்லண்ட்ஸ் தாண்டி ரயில் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர். தண்டவாளத்தை ஒட்டியே நேர் ரோடு. கிராணி மறுபடியும் தலையை வெளியே நீட்டினார். நீட்டினவர் உள்ளே இழுக்கவில்லை.

"வருது! வருதுடா!"

எட்டிப் பார்த்தேன். பாலத்தின் அந்த முனையில் பச்சைப் புள்ளி. புள்ளி காராயிற்று. அந்த நீள மூக்கு எங்கள் கடைசிப் பெட்டியை எட்டியது, அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. உறுமல் இப்போது தூக்க உறுமல் இல்லை. ரயில் சத்தத்தை அது அமுக்கியது. எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்தபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். தலைமயிர் முழுக்கப் பறந்தது. ஒரு கையால் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையை வெளியே நீட்டி ஆட்டினார். அக்கா எங்கள் பக்கம் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் முழுவதும் தெரிந்தது.

ரயில் முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. மலாய்க்காரர், சீனர், சர்தார்ஜி எல்லோரும் கத்தினார்கள். எவர் முன்னால் எஸ்டேட் ஆபீஸில் இருமக்கூட யோசிப்பார்களோ அந்தக் கிராணி, முகமெல்லாம் எஞ்சின் கரியோடு, இடுப்பு வரை வெளியே தொங்கிக்கொண்டு கத்தினார்.

"விடுங்க சம்மந்தியம்மா! இன்னும் விடுங்க! விட்டுடாதீங்க!"

நானும் கத்தினேன் என்று பிறகு பையன் சொன்னான்.

கார் எஞ்சினைத் தாண்டியது. சின்னதாகிப் போயிற்று.

ஜோகூர் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் இருந்தார்கள். அந்த அம்மா நின்று நிதானமாகக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மில்லுக்குப் பிந்தி வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி, அந்த ரயிலை மேலும் கீழும் பார்த்தார்.